நோயைச் சொல்லிவிட்டால் மகானா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு சகோதரி எழுதியது மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதனால் மற்றவற்றை அடுத்த பதிவுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவர் கேட்பது இதுதான்: "ஐயா, என் தம்பிக்கு வலிப்பு நோய். ஒரு சுவாமிகளிடம் கூட்டிப்போனோம். நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே தம்பியின் பெயரையும் நோயையும் சொன்னார். எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். ஒரு மாதமாக வலிப்பு வரவில்லை. மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். இவர் உண்மையான மகானா, போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

மாத்திரை விஷயத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. இந்த வீடியோவை இப்போதே நிறுத்திவிட்டு, தம்பியைப் பார்க்கும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாத்திரை நின்று எத்தனை நாள் ஆயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு முன்னைவிடப் பலமாக வரலாம். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது என்று விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய அளவிலேயே நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். லாமோட்ரிஜின் மாதிரி சில மருந்துகள் நடுவில் சில நாள் விட்டுப்போனால், சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். பேசிவிட்டு வந்து மீதியைக் கேளுங்கள்.

சரி, ஒரு மாதமாக வரவில்லையே, அது எப்படி? வலிப்பு கணக்கு வைத்துக்கொண்டு வருகிற நோய் அல்ல. பலருக்கு அடுத்தடுத்து வரும், அப்புறம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வராது. நாம் மகானைத் தேடி ஓடுவது எப்போது? மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான். அதற்கடுத்த வாரம் பெரும்பாலும் அதைவிட நன்றாகத்தான் இருக்கும், யாரிடம் போனாலும், போகாவிட்டாலும். ஒற்றைத் தலைவலி, மூட்டுவலி, ஆஸ்துமா என்று ஏறி இறங்கும் நோய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இறங்குகிற நேரத்தில் யாருடைய கை தலைமேல் இருந்ததோ, பெயர் அவருக்குப் போய்விடுகிறது.

அடுத்தது, பெயரைச் சொன்னது. அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்று ஒரு மதப் போதகர். ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய அரங்கில் ஒருவரைக் கைகாட்டி, பெயர், முகவரி, நோய் எல்லாம் சொல்லுவார். கூட்டம் கதறும். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் ஒரு ரேடியோ நிபுணரோடு போய் உட்கார்ந்தார். போதகரின் காதுக்குள், ரேடியோவில் வரும் குரலைக் கேட்கும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. அரங்கத்துக்கு வெளியிலிருந்து அவருடைய மனைவி பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் தொடங்கும் முன்பு பக்தர்களே நிரப்பிக் கொடுத்த பிரார்த்தனைச் சீட்டுகளைப் பார்த்து, இன்னாருக்கு இன்ன நோய் என்று வாசித்தார். 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்த அந்தக் குரலை ராண்டி பதிவுசெய்து தொலைக்காட்சியிலேயே போட்டுக்காட்டினார். உங்கள் சுவாமிகளும் இப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. வாசலில் யாரிடம் பெயர் கொடுத்தீர்கள், காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பேசினீர்கள், உங்களை அழைத்துப் போனவர் முன்னாலேயே போன் செய்தாரா? இதையெல்லாம் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

முன்பு சித்திகளைப் பற்றி, அதாவது அபூர்வ சக்திகளைப் பற்றிப் பேசியபோது சொன்னதைத்தான் மறுபடியும் சொல்லப்போகிறேன். பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எனக்கு இதைச் சொல்லி அலுக்கவில்லை. அவர் என்ன செய்து காட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். தன்னைச் சோதித்துப் பார்க்க விடுகிறாரா என்று பாருங்கள்.

ராமகிருஷ்ண பரமஹம்சர் காசைத் தொடமாட்டார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் விவேகானந்தரான நரேந்திரன் அதை நம்பவில்லை. குரு இல்லாத நேரம் பார்த்து, அவருடைய மெத்தைக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டார். குரு வந்து உட்கார்ந்தார், தேள் கொட்டியது போலத் துள்ளி எழுந்தார். அங்கே நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. சீடன் தன்னைச் சோதித்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். காசுக்கடைக்காரர் நாணயத்தைத் தட்டிப் பார்ப்பது போல என்னையும் தட்டிப் பாருங்கள் என்று சீடர்களிடம் சொன்னவர் அவர். "குருவையே சந்தேகிக்கிறாயா, பாவம் சேரும்" என்று யார் சொன்னாலும், இந்த மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

புத்தரிடம் கேசபுத்தம் என்ற ஊரில் இருந்த காலாமர் குலத்தவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட உங்கள் கேள்விதான். "வருகிறவர் எல்லாம் தன் வழியே சரி, மற்றவன் வழி தப்பு என்கிறார். யாரை நம்புவது?" என்னை நம்புங்கள் என்று அவர் சொல்லவில்லை. வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, "இவர் எங்கள் குரு" என்பதற்காகவோ ஏற்காதீர்கள், எது கேடு தருகிறது, எது நன்மை தருகிறது என்று நீங்களே அறிந்து முடிவுசெய்யுங்கள் என்றார்.

மகான் என்று சொல்லப்படுகிறவரிடம் இன்னொன்றையும் பாருங்கள், தன் உடம்பு கெட்டபோது அவர் என்ன செய்கிறார்? ரமண மகரிஷிக்கு இடது கையில் கட்டி வந்தது, புற்றுநோய். மருத்துவர்கள் ஒரு முறைக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தார்கள். மகரிஷி எதையும் மறைக்கவில்லை. 1950 ஏப்ரலில், அவரைப் பார்க்கப் பக்தர்கள் வந்துகொண்டிருந்தபோதே அவர் உடல் அடங்கியது. பிரேசிலில் ஜோவாவ் தே தேயுஸ் என்றொருவர், 'கடவுளின் ஜோவாவ்' என்று பெயர். ஆவிகள் தன் வழியாக அறுவை சிகிச்சை செய்வதாகச் சொன்னவர். 2015இல் அவருக்கே வயிற்றில் புற்றுநோய் வந்தது. ஆவிகளிடம் போகவில்லை, பெரிய மருத்துவமனைக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2018இல் பெண்கள் பலர் அவர்மேல் புகார் சொல்லத் துணிந்து முன்வந்தார்கள், அடுத்த ஆண்டே அவர் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்றார். உங்கள் மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் தன் மருந்தை நிறுத்தியிருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

போலி என்றால் ஏமாற்றுக்காரர் என்று மட்டும் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் கையில் சக்தி இருப்பதாக மனதார நம்புகிறவர்களும் உண்டு. குணமானவர்கள் திரும்பி வந்து காலில் விழுவார்கள். குணமாகாதவர்கள் வரவே மாட்டார்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது முதல் வகை மட்டும்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம், அதனால் உங்கள் தம்பிக்கு ஆபத்து குறைந்துவிடாது.

போப்பாஃப் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். குட்டு உடைந்த மறு ஆண்டே அவர் திவாலானார். அப்புறம்? சில ஆண்டுகளில் மறுபடி தொலைக்காட்சிக்கு வந்தார், மறுபடி மக்கள் பணம் அனுப்பினார்கள். அதனால்தான், உண்மையா போலியா என்ற கேள்வியைவிட, "அவரிடம் எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று நீங்கள் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. தம்பியின் தலையில் ஒருவர் கை வைத்தார். அவசரப்படாமல் முகத்தைப் பார்த்துப் பேசினார். பொது இடத்தில் வலிப்பு வந்து, சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்து, வெட்கப்பட்டுப்போன பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த ஆறுதல் பொய் அல்ல. அதற்காக நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ளவே வேண்டாம். ஆனால் ஆறுதலுக்கு விலையாக மாத்திரையைக் கேட்கக் கூடாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மருத்துவர் சொன்னபடி மருந்து தொடங்கிய பிறகு, வேண்டுமானால் அவரிடம் போங்கள். நாலு பேர் முன்னால், மரியாதையாகவே கேளுங்கள்: "சுவாமி, மாத்திரையும் சாப்பிடுகிறான், உங்கள் ஆசியும் வேண்டும், சரிதானே?" அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். தம்பி எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.