டிஎல்டி சிப்புல பேட்டரியே இல்லையே, அப்புறம் எப்படி டோஸை அளக்குது?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்காரு, "சார், டிஎல்டி சிப்புல வயரும் இல்ல பேட்டரியும் இல்ல, அது எப்படி டோஸை அளக்கும், பேசாம டையோடையே வச்சுடலாமே"ன்னு. நல்ல கேள்விங்க. டிஎல்டின்னா தெர்மோலூமினசென்ட் டோசிமீட்டர், ரேடியேஷன் சிகிச்சையில பேஷண்ட் உடம்பு எவ்வளவு கதிர் வாங்குச்சுன்னு, அதாவது டோஸை, அளக்கிற சின்ன சிப்பு. டையோடுன்னா அதையே அளக்கிற, வயர் வச்ச சிலிக்கான் சென்சார்.

அந்த சிப்பு லித்தியம் ஃபுளோரைடு கிறிஸ்டல், அகலம் 3 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதுல மெக்னீசியமும் டைட்டானியமும் துளியூண்டு வேணும்னே கலந்திருப்பாங்க. அதனால கிறிஸ்டலுக்குள்ள சின்னச் சின்ன பள்ளம் மாதிரி உருவாகும், கதிர் பட்டு தெறிச்ச எலக்ட்ரான் அதுல போய் விழுந்துடும், விழுந்தது வெளிய வர முடியாம வாரக்கணக்கா அங்கயே கிடக்கும். அப்புறம் ரீடர்ல வச்சு சூடு பண்ணுவோம், 200 டிகிரி செல்சியஸ் பக்கம் வரும்போது எலக்ட்ரான் வெளிய வந்து மங்கலா ஒரு நீல வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் எவ்வளவுன்னு பார்த்துதான் டோஸை சொல்றோம். ஒரு தடவை படிச்சா அவ்வளவுதான், பதிவு அழிஞ்சிடும். அதனால தயவுசெஞ்சு சிப்பை கையால தொடாதீங்க, விரல்ல இருக்கிற எண்ணெய்ப்பசை சூட்டுல கருகி அதுவும் வெளிச்சம் விடும், அது டோஸ் கணக்குல சேர்ந்துடும்.

சரி, டையோடு? சிலிக்கான்ல ஒரு எலக்ட்ரான் ஹோல் ஜோடி, அதாவது சிக்னலைத் தர்ற மின்னூட்ட ஜோடி, உண்டாக 3.6 எலக்ட்ரான் வோல்ட் எனர்ஜி போதும், அயனி சேம்பர்னு காத்து அடைச்ச டோஸ் மீட்டர் இருக்கே, அந்தக் காத்துல ஒரு அயனி ஜோடிக்கு கிட்டத்தட்ட 34 வேணும், அதோட சிலிக்கான் காத்தைவிட எக்கச்சக்கமா அடர்த்தி, ரெண்டையும் சேர்த்தா அதே கனஅளவுக்கு சுமார் 18,000 மடங்கு சிக்னல் வரும். அதுவும் அந்த நிமிஷமே ரீடிங் கிடைக்கும், சூடு பண்ற வேலையே இல்ல.

ஆனா இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும். சிலிக்கானோட அணு எண் 14, நம்ம தசைக்கு சராசரியா ஏழு சொச்சம்தான். லினாக்ங்கிற சிகிச்சை மெஷின்ல வர்ற 6 எம்வி பீம்ல (அதிக எனர்ஜி எக்ஸ்ரே) ஃபோட்டான், அதாவது கதிர்த் துகள், எலக்ட்ரான்ல மோதித் தெறிக்கிற காம்ப்டன் சிதறல்தான் பெரும்பங்கு, அது அணு எண்ணை அவ்வளவா பார்க்காது, அதனால நேர் பீம்ல இந்த வித்தியாசம் பெருசா தெரியாது, ஆனா பீமோட ஓரத்துக்கு வெளிய சிதறி வர்ற குறைஞ்ச எனர்ஜி ஃபோட்டான் இருக்கே, அதை அணு எண் கூடின பொருள் அதிகமா உறிஞ்சும், அதனால டையோடு அளவுக்கு மீறி எண்ணிடும். லித்தியம் ஃபுளோரைடுக்கு எட்டு சொச்சம், தசைக்கு கிட்ட இருக்கு, அதான் அந்த இடத்துல நான் சிப்பைத்தான் வைப்பேன். இன்னொன்னு, டையோடை பேஷண்ட் தோல்ல ஒட்டினா உடம்புச் சூட்டுக்கே ரீடிங் நகரும், டோஸ் வாங்க வாங்க சென்சிட்டிவிட்டியும் குறையும், அதனால அயனி சேம்பரோட வச்சு அப்பப்போ காலிப்ரேட் பண்ணிட்டே இருக்கணும், பண்ணலைன்னா ஸ்க்ரீன்ல வர்ற நம்பரை நம்பி ஒரு பேஷண்டுக்கு முடிவெடுக்காதீங்க.