தாயக்கட்டையில் ஒரு சிவப்பு நூல்

நேயர்களுக்கு வணக்கம். பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகும் பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கணக்கில் எதற்குப் பயம் என்று கேட்டால், வடிவியல் என்றும் முக்கோணவியல் என்றும் ஆளுக்கொன்று சொல்வார்கள். நிகழ்தகவுக்கு யாரும் பயப்படுவதில்லை. வேண்டிய வாய்ப்புகளை மொத்த வாய்ப்புகளால் வகுக்கும் சூத்திரம் ஒன்றே ஒன்றுதானே என்ற தெம்பில் தேர்வறைக்குப் போய், மதிப்பெண்ணை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

விடைத்தாள் திருத்திய ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது, பின்னத்தின் மேலே உள்ள எண்ணைவிடக் கீழே உள்ள எண்ணே அதிகம் தவறுகிறது என்பதுதான். மொத்த வாய்ப்புகளை, அதாவது பாடநூல் கூறுவெளி என்று சொல்வதை, எழுதிப் பார்க்காமல் மனத்தளவில் எண்ணிவிடுகிறார்கள். நிகழ்தகவுக் கணக்கில் முக்கால் பங்கு எண்ணும் வேலை. வகுப்பது கடைசி வரி மட்டுமே.

இதைக் கரும்பலகையில் எத்தனை முறை சொல்லியும் பயனில்லாமல் போன ஓராண்டில், வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டையும் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். தாயம் ஆடாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை: நீளமான கட்டை, நான்கு பக்கங்கள், ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டினால், மேலே தெரியும் புள்ளிகளின் கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் தாயம். இரண்டுமே வெறுமையானால் பன்னிரண்டு.

“தாயம் விழ நிகழ்தகவு என்ன?” என்று கேட்டேன். பாதி வகுப்பு 1/10 என்றது. எப்படி என்று விசாரித்தால், வெறுமையும் வெறுமையும், வெறுமையும் ஒன்றும், வெறுமையும் இரண்டும் என்று ஜோடி ஜோடியாக எழுதி, மொத்தம் பத்து என்று முடித்திருந்தார்கள். எண்ணியது ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பத்தும் சம வாய்ப்புள்ளவை அல்ல.

மேசை இழுப்பறையிலிருந்து சிவப்பு நூல் ஒன்றை எடுத்து ஒரு கட்டையின் நுனியில் கட்டினேன். இப்போது சிவப்புக் கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுவது ஒரு வகை. சிவப்பில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுவது இன்னொரு வகை. நூல் கட்டியதால் கட்டையின் குணம் மாறிவிடவில்லை. நூல் இல்லாதபோதும் அவை இரண்டு வகைகளாகவே இருந்தன, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நான்கை நான்கால் பெருக்கினால் 16. தாயத்துக்கு இரண்டு வழிகள். ஆகவே 2/16, சுருக்கினால் 1/8.

உடனே அடுத்த தவறு வந்தது. உற்சாகத்தில் ஒரு மாணவன் எல்லா ஜோடியையும் இரட்டித்து, இரண்டும் இரண்டும் விழுவதையும் இருமுறை எண்ணினான். மொத்தம் 20 வந்தது. சிவப்பில் இரண்டு, மற்றதிலும் இரண்டு என்றால் இடம் மாற்றினாலும் அதேதான், அது ஒரே வகை. மொத்தம் 16 வருகிறதா என்று சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், இந்தத் தவறு தானாகவே பிடிபட்டுவிடும். இரண்டு பகடைகளுக்கு 36, மூன்று நாணயங்களுக்கு 8 என்று பெருக்கி வைத்துக்கொண்டு, பிறகு எழுதத் தொடங்குங்கள்.

இந்த இடத்தில் சறுக்கியவர்கள் நம் பிள்ளைகள் மட்டுமல்லர். பிரெஞ்சுக் கணித மேதை தலாம்பேர் 1754-ஆம் ஆண்டு, ஒரு நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 2/3 என்று வாதிட்டார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று அதை ஒரே வகையாக எண்ணியதால் வந்த வினை அது. சரியான விடை 3/4. தவறு செய்த மாணவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லத் தவறுவதில்லை, அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

தாயத்தை இன்னும் விட மனமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவி எட்டு முறை உருட்டியும் தாயம் விழவில்லை. “எட்டில் ஒன்று என்றீர்களே, ஐயா” என்று கேட்டாள். எட்டு முறையும் தாயம் விழாமல் போக நிகழ்தகவு, 7/8-ஐ எட்டு முறை பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 0.34. மூன்று பேர் தனித்தனியே எட்டு முறை உருட்டினால், அவர்களில் ஒருவர் தாயமே காணாமல் எழுந்து போவது இயல்பான செய்தி. கட்டை சீரானதாக இருந்தால், என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வினாத்தாளில் ‘சீரான பகடை’ என்று அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்காக அன்று. அந்தச் சொல் இல்லையென்றால் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

சீட்டுக்கட்டுக் கணக்கைப் பற்றி ஒன்று. சீட்டைத் தொட்டால் அடி விழும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஸ்பேடு எது, கிளாவர் எது என்று தெரியாது. அது கணக்குக் குறைபாடு ஆகாது. பெற்றோர் ஒரு மாலை மட்டும் மனம் இளகி, நான்கு வகை, வகைக்கு 13, ராஜா, ராணி, ஜாக் எனும் முக அட்டைகள் மொத்தம் 12 என்று தரையில் பரப்பிக் காட்டிவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்பின் வரிசை மாற்றங்களையும் சேர்மானங்களையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் கை காட்டுகிறார், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்கரர் 1150-இல் இயற்றிய லீலாவதி என்ற கணித நூலில், சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கையும் திருமாலின் நான்கு கைகளில் மாற்றி மாற்றி வைத்தால் எத்தனை வடிவங்கள் என்று ஒரு கணக்கு உண்டு, விடை 24. அங்கே கை மாறினால் வடிவம் மாறும், ஆகவே அது வரிசை மாற்றம். பத்துப் பேரில் தலைவர் ஒருவர், துணைத்தலைவர் ஒருவர் என்றால் 90 வழிகள். வெறுமனே இருவரைத் தேர்ந்தெடுப்பது என்றால் அதில் பாதி, 45, அது சேர்மானம். தாயக்கட்டையில் கட்டிய அதே சிவப்பு நூலை இங்கே அவிழ்த்துவிடுகிறோம், அவ்வளவுதான். நன்றி, வணக்கம்.