18 வயது மூப்பர்: ஜப்பானில் ஒரு மார்மன் மிஷனரியின் நாள்

[காட்சி: ஜப்பானிய அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைவழி. ஜூலை மாத வெயில். வரிசையாக ஒரே நிறக் கதவுகள்.]

ஒரு விரல் அழைப்பு மணியை அழுத்துகிறது. கதவு திறக்கவில்லை. சுவரில் பதித்த சிறிய ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் மட்டும் வருகிறது. வெளியே நிற்கும் வெள்ளைச் சட்டை இளைஞன், மனப்பாடம் செய்துவைத்த ஜப்பானிய வாக்கியத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். உள்ளிருந்து வரும் பதில் இரண்டே சொல்: "கெக்கோ தெஸ்."

இளைஞனின் முகம் மலர்கிறது. அவன் படித்த அகராதியில் 'கெக்கோ' என்றால் நன்று, அருமை. காலணியைக் கழற்றக் குனிகிறான். பக்கத்தில் நிற்கும் இன்னொரு வெள்ளைச் சட்டைக்காரன் அவனுடைய முழங்கையைத் தொட்டு அடுத்த கதவைக் காட்டுகிறான். பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டி "நல்லா இருக்கு, போதும்" என்று நாம் தடுப்போமே, அந்த 'நல்லா இருக்கு'தான் இந்தக் கெக்கோ. வேண்டாம் என்பதன் மரியாதையான வடிவம்.

இந்த இளைஞனுக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை. பலருடைய நாள்களைக் கோத்து உருவாக்கிய ஒருவன் இவன். ஊர் அமெரிக்காவின் யூட்டா மாநிலம். வயது 18. ஊழியம் செய்யும் இடம் ஜப்பானின் நகோயா பகுதி. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அவனால் வீடு திரும்ப முடியாது. சம்பளம் கிடையாது, செலவை அவனும் குடும்பமும்தான் ஏற்கிறார்கள்.

[காட்சி: சட்டைப் பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. வெள்ளை எழுத்துகள்.]

இந்தப் பட்டையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மேலே அவனுடைய குடும்பப் பெயர், ஜப்பானிய எழுத்தில். அதை ஒட்டி 'சோரோ' என்ற சொல். கீழே சபையின் பெயர்: பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அதைத் தவிர்க்கும்படி 2018இல் சபையின் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஆனாலும் உலகம் அதைத்தான் சொல்கிறது. இந்த வீடியோவின் தலைப்பும் அப்படித்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

'சோரோ' என்றால் ஊர்ப் பெரியவர். ஆங்கிலத்தில் 'எல்டர்'. நம் தமிழ் வேதாகமத்தில் 'மூப்பர்' என்று வருவது இதுதான். தாடி சரியாக முளைக்காத பையனை எழுபது வயது ஜப்பானியப் பாட்டி "மூப்பரே" என்று கூப்பிடுகிறார். இருவருக்குமே அதில் சிரிப்பு வருவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு அவனுடைய முதற்பெயரை அந்த நாட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. கூடவே தங்குகிறவன்கூட 'எல்டர்' என்று தொடங்கிக் குடும்பப் பெயரைத்தான் சொல்வான். பெண் மிஷனரியானால் 'சிஸ்டர்'. ஜப்பானில் 'ஷிமாய்', அதாவது சகோதரி.

இவர்கள் நம்புவது என்ன? 1820இல் நியூயார்க் மாநிலத்தின் பல்மைரா பக்கத்தில் ஜோசப் ஸ்மித் என்ற 14 வயதுப் பையன், எந்தச் சபை உண்மையானது என்று தெரியாமல் ஒரு தோப்புக்குள் போய் ஜெபித்தான். பிதாவான கடவுளும் குமாரனான இயேசுவும் இரண்டு தனித்தனி உருவங்களாக அவனுக்குக் காட்சி தந்தார்கள் என்பது இவர்களுடைய விசுவாசம். பின்னர் ஒரு தேவதூதர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து தெய்வ உதவியால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி அவர் வெளியிட்ட நூல்தான் மார்மன் புத்தகம். உயிர்த்தெழுந்த இயேசு பழங்கால அமெரிக்க மக்களிடமும் வந்தார் என்கிறது அது. புத்தகம் வந்ததும் சபை தொடங்கியதும் ஒரே ஆண்டு, 1830. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை இவர்கள் மற்றச் சபைகள் போல ஏற்பதில்லை. வேதாகமத்தோடு இன்னொரு வேதத்தையும் வைத்திருக்கிறார்கள். அதனால் பல கிறிஸ்தவச் சபைகள் இவர்களைத் தங்களில் ஒருவராகக் கருதுவதில்லை. பலதார மணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது 1890இல்.

ஒரு பையன் கேட்டான், பதில் வந்தது. எல்லாம் அந்த ஒரு நிகழ்ச்சியில் நிற்பதால்தான் மிஷனரியும் வாசலில் வாதாடுவதில்லை. "படித்துப் பாருங்கள், பிறகு கடவுளிடமே கேளுங்கள்" என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வருகிறான். மார்மன் புத்தகத்தின் கடைசி அதிகாரமும் அதைத்தான் சொல்கிறது.

[காட்சி: சிறிய வீடு. தரையில் இரண்டு மெத்தைகள். கடிகாரம் 6.30.]

காலை ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளியல், சிற்றுண்டி. பிறகு வேதம் படிக்கத் தனியாக ஒரு நேரம், துணையோடு சேர்ந்து ஒரு நேரம், அதற்குப் பிறகு மொழிப் பாடம். சைக்கிளை எடுத்து வெளியே கிளம்பும்போது வெயில் ஏறிவிடும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு. பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். 2017க்குப் பிறகு இந்த நேரங்களில் கொஞ்சம் நெகிழ்வு வந்திருக்கிறது. சினிமா, தொலைக்காட்சி, காதல் எதற்கும் இடமில்லை. கைப்பேசி உண்டு, அதுவும் ஊழியத்துக்காக.

இதையெல்லாம் விடக் கடினமான விதி வேறொன்று. தனியாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு மிஷனரிக்கும் ஒரு துணை உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருவரும் இருக்க வேண்டும். ஒரே அறையில் தூக்கம், ஆனால் தனித்தனிப் படுக்கை. குளியலறைக் கதவு மூடும்போது மட்டும்தான் தனிமை. துணையை அவன் தேர்ந்தெடுப்பதில்லை. மிஷன் தலைவர் ஜெபித்து முடிவு செய்கிறார். அவர் மனைவியோடு மூன்று ஆண்டுகள் வந்து தங்கி இளைஞர்களைக் கவனிப்பவர். பொதுவாக ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றல் அறிவிப்பு வரும். சிலர் பெட்டியைக் கட்டுவார்கள், சிலர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

நம் இளைஞனின் இப்போதைய துணை ஒசாகா பக்கத்து ஜப்பானியன். ஒருவன் சோற்றை அடிப்பிடிக்க விடுகிறான்; இன்னொருவன் தூக்கத்தில் பேசுகிறான். ஒருவன் பேச்சை நீட்டுவான், மற்றவனுக்கு மௌனம்தான் மரியாதை. வாரம் ஒருமுறை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரிடம் ஒருவருக்கு உள்ள மனக்குறையை வாய்விட்டுச் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே திட்டமிட்ட நேரம் உண்டு. திருமணமாகி முப்பது ஆண்டு ஆனவர்களே தள்ளிப்போடும் வேலை இது. பதினெட்டு வயதில் வாராவாரம் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்! என்னைக் கேட்டால், இந்த ஊழியத்தின் விசுவாசப் பரீட்சை வாசற்படிகளில் நடப்பதைவிட இந்த இரண்டு மெத்தைகளுக்கு நடுவில்தான் அதிகம் நடக்கிறது. மூடிய கதவைச் சைக்கிளில் கடந்து போய்விடலாம். துணையைக் கடந்து போக முடியாது.

[காட்சி: வீட்டு முன்கூடம். தட்டில் இரண்டு கோப்பைகள்.]

எப்போதாவது ஒரு கதவு திறக்கும். காலணிகளை மூக்கு வெளிப்புறம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய் உட்காருகிறார்கள். வீட்டம்மா பச்சைத் தேநீர் கொண்டுவருகிறார். சிக்கல்.

1833இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட 'ஞான வார்த்தை' என்னும் உணவு ஒழுக்கத்தில் மதுவும் புகையிலையும் விலக்கு. 'சூடான பானங்கள்' என்றும் இருக்கிறது. அதற்குப் பொருள் காப்பியும் தேயிலையும் என்று சபை விளக்குகிறது. பச்சைத் தேநீரும் அதில் அடக்கம். விருந்தாளிக்குத் தேநீர் வைப்பதே உபசாரத்தின் முதல் படியாக உள்ள நாட்டில் கோப்பையை எப்படி ஒதுக்குவது? காப்பி கொடுத்தால் குடிக்காமல் எழுந்து போகிறவரைப் பற்றி நம் வீட்டில் என்ன பேசுவோம் என்று நினைத்துப் பாருங்கள். ஜப்பானியத் துணை பணிவாகத் தலையைத் தாழ்த்தி, "எங்கள் வழக்கத்தில் இது இல்லை, மன்னியுங்கள்" என்கிறான். அம்மா சமையலறைக்குப் போய் 'முகிச்சா' கொண்டுவருகிறார். வறுத்த பார்லியை ஊறவைத்த குளிர்ந்த நீர். அதில் தேயிலை இல்லை, விதிக்கு உட்பட்டது. ஜப்பானியக் கோடையில் வீட்டுக்கு வீடு இருப்பது. நகோயாவின் புழுக்கத்தில் ஹெல்மெட்டும் டையுமாகச் சைக்கிள் மிதித்தவனுக்கு அது அமிர்தம்.

அன்றைக்குப் பேச்சு முன்னோர்கள் பக்கம் போகிறது. ஜப்பானிய வீடுகளில் முன்னோருக்கான பீடம் இருப்பது சாதாரணம். இந்தச் சபைக்காரர்களும் இறந்த முன்னோர்களின் பெயர்களைத் தேடிப் பதிவு செய்து, கோயிலில் அவர்கள் சார்பாக ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆன்மாவின் விருப்பம் என்பது அவர்கள் எண்ணம். மற்ற மதத்தினர் சிலரைக் கோபப்படுத்தியிருக்கும் இந்த வழக்கம், ஜப்பானிய வீட்டில் காது கொடுத்துக் கேட்கப்படுகிறது. அம்மா தலையாட்டுகிறார். மறுபடி வரலாமா என்றால், பார்க்கலாம் என்கிறார். அந்தப் 'பார்க்கலாம்' எந்த மொழியிலும் ஒன்றுதான்.

மற்ற நேரம் என்ன செய்கிறார்கள்? இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். மதத்தில் அக்கறை இல்லாதவர்களும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பமும் தண்ணீரும், திராட்சரசம் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், மிச்சமாகும் உணவின் காசு ஏழைகளுக்கு.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். யோகோஹாமா துறைமுகம்.]

கதவு திறக்காதது இந்த இளைஞனின் துரதிர்ஷ்டம் மட்டுமா? 1901 ஆகஸ்ட் 12 அன்று யோகோஹாமாவில் இந்தச் சபையின் முதல் நான்கு மிஷனரிகள் இறங்கினார்கள். தலைவர் ஹீபர் கிராண்ட். மிக இளையவர் ஆல்மா டெய்லர். வயது 19தான். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்து தெரியாது. இரண்டு ஆண்டில் திரும்ப வேண்டும் என்ற வரையறை அப்போது இல்லை. டெய்லர் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் தங்கி மொழியைக் கற்றுத் தேர்ந்து, மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். 1909இல் அது அச்சானது.

அறுவடை? 1924 வரை அங்கே ஊழியம் செய்தவர்கள் 88 பேர். ஞானஸ்நானம் பெற்றவர்கள் 166 பேர். தலைக்கு இரண்டு பேர்கூட இல்லை. 1923இல் பெரும் பூகம்பம். அடுத்த ஆண்டு ஜப்பானியர் குடியேறத் தடை விதித்த அமெரிக்கச் சட்டம், அதனால் எழுந்த கசப்பு. அதற்குள் சபைக்கே தலைவராகிவிட்ட அதே ஹீபர் கிராண்ட், தான் தொடங்கிய ஊழியத்தைத் தானே 1924இல் மூடினார். போருக்குப் பின் 1948இல் மறுபடி தொடங்கியது. 1980இல் டோக்கியோவில் கோயில் எழுந்தது, ஆசியாவிலேயே அவர்களுடைய முதல் கோயில். மொத்த உலகத்தில் 2024 முடிவில் 74,000க்கும் மேற்பட்ட மிஷனரிகள் களத்தில் இருந்தார்கள்.

வயது வரம்பு பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 21 என்றிருந்த குறைந்தபட்ச வயதை 2012இல் முறையே 18, 19 என்று குறைத்தார்கள். 2025இல் பெண்களுக்கும் 18 ஆக்கினார்கள். ஆண்களுக்கு இது கடமை. பெண்களுக்கு விருப்பம், காலமும் 18 மாதம்தான். கடமை என்ற சொல்லில் ஒரு சுமை இருக்கிறது. உடல்நலமோ மனநலமோ குன்றிப் பாதியில் வீடு திரும்பும் பையன், நெருக்கமான சபைச் சமூகங்களில் பல நேரம் "என்ன ஆயிற்று?" என்ற பார்வைகளுக்கு நடுவேதான் நடக்க வேண்டியிருக்கிறது. விமானநிலையத்தில் பதாகையோடு வரவேற்கப்படுகிறவர்களின் படங்கள்தான் நமக்குக் கிடைக்கின்றன. மற்றவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

[காட்சி: திங்கள்கிழமை காலை. சலவை இயந்திரம் சுழல்கிறது.]

வாரத்தில் ஒரு நாள் 'ஆயத்த நாள்'. துணி துவைக்க, முடி வெட்ட, காய்கறி வாங்க. அன்றைக்கு வீட்டோடு பேசலாம். 2019 பிப்ரவரி வரை குடும்பத்தோடு தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே வாய்ப்புகள்தான்: கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். இப்போது வாரந்தோறும் பேசலாம். நகோயாவில் திங்கள் காலை ஒன்பது மணி என்றால், யூட்டாவில் கோடைக்காலத்தில் ஞாயிறு மாலை ஆறு. குடும்பம் மொத்தமும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. தம்பி உயரமாகிவிட்டான். நாய்க்கு வயதாகிவிட்டது. "எப்படி இருக்கிறாய்?" என்று அம்மா கேட்கும்போது, துணை இரண்டடி தள்ளிக் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறான். அழுதாலும் அவன் முன்னால்தான் அழ வேண்டும்.

இரண்டு ஆண்டு முடிந்தால் எப்படி விடுபடுகிறான்? விமானத்தில் ஏறினாலும் அவன் மிஷனரிதான். ஊர் திரும்பி, அங்குள்ள சபைத் தலைவரைப் பார்க்கும்போது, "உன் ஊழியம் முடிந்தது" என்று அவர் விடுவிக்கிறார். அப்போதுதான் பெயர்ப்பட்டை சட்டையை விட்டு இறங்குகிறது.

மறுநாள் காலை அம்மா பால் வாங்கி வரச் சொல்கிறார். காரை எடுத்துக்கொண்டு போகிறான். கடைக்குள் நுழையும் முன், கதவைப் பிடித்தபடி நின்று பின்னால் திரும்பிப் பார்க்கிறான், இன்னொருவன் வருகிறானா என்று.