நாலு பெயர், ஒரே டிஸ்க்

வணக்கம் நேயர்களே. பென் டிரைவைச் செருகியதும் அது திரையில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓரிரு நொடிக்குள் லினக்ஸ் அதற்கு ஒரு ஃபைலை உண்டாக்கிப் பெயரும் வைத்துவிடுகிறது. அந்தப் பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

‘டெவ்’ என்ற டைரக்டரிக்குள் முதல் டிஸ்க் எஸ்டிஏ, அடுத்தது எஸ்டிபி, இப்படியே போகும். பட்டியல் போட்டுப் பாருங்கள், ஃபைலின் அளவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். எஸ்டிஏவுக்கு 8, 0. எஸ்டிபிக்கு 8, 16. முதல் எண் எந்த டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், என்று சொல்கிறது, இரண்டாவது அந்த டிரைவரின் கையில் எந்த டிஸ்க் என்று சொல்கிறது. ஏன் 16-க்குத் தாவுகிறது என்றால், ஒரு டிஸ்குக்கு 16 எண் ஒதுக்கீடு, முழு டிஸ்குக்கு ஒன்று, அதைப் பிரித்த பகுதிகளான பார்ட்டிஷன்களுக்கு 15. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வேண்டியது இந்த எண்கள்தான்.

முன்பெல்லாம் டிஸ்க் இருக்கிறதோ இல்லையோ, இந்த ஃபைல்களை மொத்தமாக முன்கூட்டியே உண்டாக்கி வைத்துவிடுவார்கள். 2003-இல் கெர்னல் எழுதுகிறவர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன், சாதனங்களுக்குப் பெயர் வைக்கிற யூடெவ் என்ற நிரலைக் கொண்டுவந்த பிறகு, சாதனம் வந்தால் ஃபைல் வரும், போனால் போகும் என்பது பரவலானது.

சரி, சிக்கல் எங்கே என்றால், எஸ்டிபி என்ற பெயர் கண்ணில் பட்ட வரிசைக்கு வைத்த பெயர். இன்றைக்கு எஸ்டிபியாக இருக்கிற டிஸ்க், நடுவில் ஒன்றைச் சேர்த்துவிட்டு மெஷினைத் திரும்பப் போட்டால் எஸ்டிசி ஆகலாம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நிறைய டிஸ்குகள் கொண்ட ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, அதிலிருந்து 2 டெராபைட்டில் ஒரு லன், அதாவது தனி டிஸ்க் போலத் தெரிகிற ஒரு பங்கு, பிரித்து சர்வருக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கிற தம்பி பார்த்தால் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நாலு டிஸ்க், நாலும் 2 டெராபைட். ஃபைல்களை வைப்பதற்கான அமைப்பான ஃபைல் சிஸ்டத்தை எஸ்டிபியில் போட்டார். அடுத்து எஸ்டிசியில் போடப் போனால், இதில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, தொடரலாமா என்று மெஷின் கேட்கிறது. நல்ல வேளை, அங்கேயே கையை எடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். “அண்ணே, நான் பிபியில... எஸ்டிபியிலதானே போட்டேன், சிக்கு எப்படி வந்துச்சு?” “தம்பி, நாலும் ஒண்ணுதான்” என்றேன்.

சர்வரில் இரண்டு போர்ட், பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர், ஆக மொத்தம் நாலு வழி. ஒரு வழிக்கு ஒரு பெயர். நம் ஊர் வீடுகளில் முகப்பு ஒரு தெருவில் இருக்கும், வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும், புதிதாக வந்த தபால்காரர் இரண்டு வீடு என்றுதான் நினைப்பார். அதே கதைதான் இங்கும்.

இதற்காகத்தான் பல வழிகளை ஒன்றாகச் சேர்க்கிற மல்டிபாத் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு லன்னும் தன் அடையாள எண்ணைத் தானே சொல்லும், பெட்டியே கொடுத்த எண் அது, எந்த வழியில் போய்க் கேட்டாலும் மாறாது. நாலு வழியிலும் ஒரே பதில் வந்தால் நாலையும் சேர்த்து ‘மேப்பர்’ டைரக்டரிக்குள் ஒரே பெயராக்கிக் கொடுத்துவிடும், அதற்குப் பிறகு ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்காது. மல்டிபாத் இல்லாத சின்ன சர்வரிலும், யூடெவ் அடையாள எண்ணைக் கொண்டு நிலையான பெயர்கள் வைத்துத் தருகிறது, ‘டிஸ்க்’ டைரக்டரிக்குள் ‘பை-ஐடி’ என்று இருக்கும், பாருங்கள். எந்த டிஸ்கை எந்த டைரக்டரியில் இணைக்க வேண்டும் என்று குறித்து வைக்கிற எஃப்எஸ்டேப் ஃபைலில் எஸ்டிபி என்று எழுதாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், எழுதாதீர்கள். நிலையான பெயரையோ, ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாளமான யூயூஐடியையோ எழுதுங்கள்.

ஹெச்பி நிறுவனத்தின் யூனிக்ஸ் இயங்குதளமான ஹெச்பி-யூஎக்ஸ் 11ஐ வி3-இல் எத்தனை வழி இருந்தாலும் ஒரு லன்னுக்கு ஒரே ஃபைல் என்று ஆக்கினார்கள், அதை விரிவாகச் சொல்ல ஆசை, ஆனால் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், லன்னை எடுக்கும்போது எடுத்த எடுப்பிலேயே பெட்டியில் கை வைக்காதீர்கள், முதலில் அன்மவுண்ட், அதாவது டைரக்டரியிலிருந்து டிஸ்கைப் பிரித்தல், அப்புறம் மல்டிபாத்திலிருந்து நீக்கம், பிறகு நாலு எஸ்டி பெயர்களும், கடைசியில்தான் பெட்டி. வணக்கம்.