லிஸ்ட் வந்த ஒடனே சொல்லுங்க, மேட்ச் முடிஞ்சு சொல்லாதீங்க

வணக்கமுங்க. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, நாமக்கல்லுன்னு நம்ம பக்கம் கேட்டுட்டு இருக்கற எல்லாத்துக்கும் வணக்கம். ஃபுட்பால் பத்தி பத்து நிமிஷம் பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. நான் ஆடுனவன் எல்லாம் இல்லீங்க, பாக்கறவன். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறேன், பையர் எல்லாம் ஐரோப்பால இருக்கறதுனால நம்ம வீட்டுக்குக் கெளம்பற நேரத்துல தான் அவங்களுக்கு சந்தேகம் வரும், மெயில் வரும், போன் வரும், அப்படியே ராத்திரி முழிச்சிருந்து முழிச்சிருந்து லண்டன்ல இருக்கற ஆர்சனல் டீமுக்கு ஃபேன் ஆயிட்டேன். இங்கிலாந்துல மத்தியானம் மூணு மணிக்கு ஆடுனா நமக்குக் குளிர்காலத்துல எட்டரை, சாயங்காலம் எட்டு மணிக்கு ஆடுனா நமக்கு நடுராத்திரி ஒண்ணரை. பொண்டாட்டி திட்டறது தனிக்கதை, அது இங்க வேண்டாம்.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணு தானுங்க. ஒரு கோச் நல்லவனா கெட்டவனான்னு பேசோணும்னா, அவன் யாரை எறக்குனான் யாரை ஒக்கார வெச்சான்னு பேசோணும்னா, லிஸ்ட் வந்த நேரத்துல பேசுங்க. மேட்ச் ஆரம்பிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கறப்பவே பதினோரு பேர் யாரு, பெஞ்சுல யாருன்னு வெளிய விட்டர்றாங்க. அந்த நேரத்துல வாயைத் தொறக்காம இருந்துட்டு, தோத்தப்புறம் "நான் அப்பவே நெனச்சேன்"ங்கறவன் பேச்சுக்கு மதிப்புக் கெடையாது.

இதை நாங்க ஒரு விதியாவே வெச்சிருக்கறோம். எங்க ஏரியா பேக்கரில ஒரு செட்டு இருக்குதுங்க. பவர் டேபிள்னு தையல் யூனிட் போட்டிருக்கற எங்க மாமா ஒருத்தர், அவரு மான்செஸ்டர் யுனைடெட். செக்கிங்ல இருக்கற பங்காளி ஒருத்தன், அவன் லிவர்பூல். அப்புறம் ஒரு காலேஜ் தம்பி, அவன் எந்த டீமுன்னே தெரியாது, எக்ஸ்ஜி எக்ஸ்ஜின்னு, கோல் விழ எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற கணக்கை மட்டும் பேசுவான். டி-சர்ட் மடிக்கறப்ப உள்ள வெப்பாங்களே அட்டை, அதுல ஒண்ணை எடுத்து, லிஸ்ட் வந்த ஒடனே அவனவன் கருத்தை ஒரே வரில எழுதிக் கையெழுத்துப் போட்டு பேக்கரிக்கார அண்ணன் கல்லாவுல குடுத்தர்றது. மேட்ச் முடிஞ்சு அந்த அட்டையை எடுத்துப் படிப்போம். படிக்கறப்ப டீ காசு யாரு குடுக்கறதுன்னும் முடிவாயிரும்.

இந்த விதி எதுக்குன்னு புரியோணும்னா 2025 பிப்ரவரிய எடுத்துக்கங்க. ஆர்சனலுக்கு முன்னால ஆடறதுக்கு ஆளே இல்ல. ஜீசஸுக்கு முட்டி போச்சு, சாகா, மார்ட்டினெல்லி ரெண்டு பேரும் காயம், துபாய்க்கு ட்ரெயினிங்னு போன எடத்துல ஹாவெர்ட்ஸுக்கும் தொடைல பிடிச்சு சீசனே காலி. ஆளு வாங்கறதுக்குக் கடை தொறக்கற ஜனவரில, முன்னால நின்னு கோல் போட ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்குங்கடான்னு ஊரே கத்துச்சு, வாங்கல. பிப்ரவரி 15, லெஸ்டர்ல மேட்ச், நமக்கு சாயங்காலம் ஆறு மணி. எழுபது நிமிஷம் ஆகப்போகுது, கோலே வரல, ஆர்சனல் கோச் ஆர்டெட்டா என்ன பண்றாரு, மெரினோவை உள்ள விடறாரு. மெரினோ நடுவுல ஆடற மிட்ஃபீல்டருங்க. ரியல் சொசியடாட்ல இருந்து முந்தின வருஷம் வாங்குன ஆளு, ஸ்ட்ரைக்கர் எடத்துல போய் நிக்கறாரு. கடைசி பத்து நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல்! பேக்கரில இருந்த எல்லாரும், எங்க மாமா உட்பட, "மூளைக்காரன்யா"ன்னாங்க.

அடுத்த சனிக்கெழமை வெஸ்ட் ஹாம், சொந்த கிரவுண்டு. அதே மெரினோவை மொதல்ல இருந்தே ஸ்ட்ரைக்கரா எறக்குனாரு. அட்டைல எல்லாரும் என்ன எழுதுனாங்க தெரியுமுங்களா, "சூப்பர்", "கரெக்ட்டு", பங்காளி மட்டும் ஒரு படி மேல போயி "வேற யாரு இருக்கா" ன்னு எழுதிருந்தான். அவங்க ஆளு போவன் ஒரு கோல் போட்டான், நம்ம பையன் லூயிஸ்-ஸ்கெல்லிக்கு ரெட் கார்டு, ஒண்ணுக்கு சைபர் தோல்வி. விசில் அடிச்சு முடியல, "மிட்ஃபீல்டரை ஸ்ட்ரைக்கரா எறக்குனா இப்படித்தான் ஆகும், இவனுக்கு என்ன தெரியும்"னு ஆரம்பிச்சுட்டாங்க. பேக்கரி அண்ணன் ஒண்ணும் பேசாம அட்டையை எடுத்து டேபிள் மேல வெச்சாரு பாருங்க, அந்த மாதிரி குசும்பு நம்மூர்க்காரங்களுக்குத் தான் வரும்.

ஒரே ஆளு, ஒரே எடம், ஏழு நாள் தான் எடவெளி. மூளைக்காரன் முட்டாள் ஆயிட்டான். அப்புறம் ஏப்ரல்ல, ஐரோப்பா கிளப்புங்க ஆடற சாம்பியன்ஸ் லீக்ல ரியல் மாட்ரிட் வந்தாங்க, நம்ம நேரம் நடுராத்திரி பன்னண்டரை, டெக்லான் ரைஸ் ஃப்ரீ கிக்லயே ரெண்டு கோல் போட்டாரு, மூணாவது கோலு யாரு? அதே மெரினோ, அதே ஸ்ட்ரைக்கர் எடத்துல. அங்க மாட்ரிட்டுக்கே போயி ரெண்டாவது மேட்ச்ல சாகா, மார்ட்டினெல்லி போட்ட ரெண்டு கோலுக்கும் பந்தை எடுத்துக் குடுத்தது இவரு தான். மறுபடியும் மூளைக்காரன். செமி ஃபைனல்ல பாரிஸ்கிட்ட ரெண்டு மேட்ச்லயும் தோத்தப்புறம் மறுபடியும் பழைய பாட்டு. இந்த மூணு மாசத்துல அந்தாளு மண்டைக்குள்ள என்ன மாறிருக்கும்ங்கறீங்க? ஒண்ணும் மாறிருக்காது.

ஆனா எங்க அட்டை விதியும் எல்லாத்துக்கும் செல்லாதுங்க, அதையும் சொல்லிரோணும். 2023ல கோல்கீப்பர் பஞ்சாயத்து வந்துச்சு. ராம்ஸ்டேல் நல்ல கீப்பர், முந்தின சீசன்ல இங்கிலாந்து பிளேயருங்களே ஓட்டுப் போட்டு அந்த வருஷத்து பெஸ்ட் டீம்ல அவரைச் சேத்தாங்க, மே மாசம் புது கான்ட்ராக்டும் போட்டாரு. ஆகஸ்ட்ல பிரென்ட்ஃபோர்டுல இருந்து ராயாவைக் கடனுக்கு வாங்கிட்டு வராங்க. செப்டம்பர்ல எவர்ட்டன் மேட்ச்ல ராம்ஸ்டேல் பெஞ்சுக்குப் போயிட்டாரு. தையல் லைன்ல ரெண்டு நல்ல டெய்லர் இருந்தா ரெண்டு மெஷின்ல உக்கார வெச்சு ரெண்டு பேருகிட்டயும் வேலை வாங்கலாம், ஆனா கோல் போஸ்ட் ஒண்ணு தானுங்களே. மனசு கேக்கல யாருக்கும். போதாக்கொறைக்கு செல்சி மேட்ச்ல முட்ரிக் க்ராஸ் போடறதா நெனச்சு ஒதைச்ச பந்து ராயா தலைக்கு மேல போயி உள்ள விழுந்துச்சு, லூட்டன் மேட்ச்ல மூணு கோல் வாங்குனாரு, நாலு போட்டதால பொழச்சோம். அந்த டிசம்பர் வரைக்கும் எங்க அட்டையைப் பாத்தா ஆர்டெட்டாவுக்கு ஒரு நல்ல வார்த்தை இருக்காது. சீசன் முடியறப்ப ராயாவுக்குப் பதினாறு மேட்ச் கோலே வாங்காம, பெஸ்ட் கீப்பருக்குக் குடுக்கற கோல்டன் கிளவ்.

ஆக ஒரு நாளு லிஸ்ட்டுக்கு அட்டை போதும். ஒரு ஆளை மாத்தற முடிவுக்கு ஒரு சீசனாச்சும் வேணும். இந்த ரெண்டையும் நம்மாளுக ஒட்டுக்காக் கொழப்பிக்கறாங்க, சண்டையில பாதி அதுல தான் வருது. ஹாவெர்ட்ஸ் விஷயத்துலயும் இதே கூத்து தான், அதைச் சொன்னா நேரம் பத்தாது.

எங்க மாமாவுக்கு ஆர்சனல் பேச்சு அலர்ஜி. மான்செஸ்டர் யுனைடெட் கோச்சா இருந்த ஃபெர்குசன் போனதோட அவருக்கு ஃபுட்பாலே முடிஞ்சு போச்சு. "27 வருஷம் பாத்த கண்ணுடா இது"ம்பாரு, மாமா பாத்தது கடைசிப் பத்து வருஷம் தான், அதுவும் ஸ்டார் ஸ்போர்ட்ஸ்ல. நான் ஒண்ணு கேப்பேன், மாமா, அந்த ஃபெர்குசன் 1986ல வந்தாரு, 1989 டிசம்பர்ல மூணு வருஷமா சாக்குத் தான் சொல்றே, கெளம்புன்னு சொந்த கிரவுண்டுலயே பேனர் புடிச்சாங்க, மொத லீக் சாம்பியன் பட்டம் 1993ல தான் வந்துச்சு. நீங்க அப்ப மான்செஸ்டர்ல இருந்திருந்தா பேனருக்கு ஒரு முனை உங்க கைல தான் இருந்திருக்கும். இதுக்கு மாமா பதிலே சொல்ல மாட்டாரு, பப்ஸைப் பிச்சு வாய்ல போட்டுக்குவாரு.

ஆனா மாமா ஒரு தடவை நல்ல பாயிண்ட் ஒண்ணு சொன்னாருங்க. 2024 மே மாசம் எஃப்.ஏ. கப் ஃபைனல், எதிரில மான்செஸ்டர் சிட்டி. அப்ப யுனைடெட் கோச்சா இருந்த டென் ஹாக் என்ன பண்ணுனாரு, ஹொய்லுண்டைப் பெஞ்சுல வெச்சுட்டு, ஸ்ட்ரைக்கரே இல்லாம ப்ரூனோ ஃபெர்னாண்டஸை முன்னால நிறுத்துனாரு. கர்னாச்சோ ஒண்ணு, மெயினூ ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு, கப்பு. வேலையை விட்டுத் தூக்கிருவாங்கன்னு பேசிட்டு இருந்த ஆளுக்கு ஜூலைல கான்ட்ராக்டை நீட்டிக் குடுத்தாங்க. அக்டோபர் கடைசில தூக்கிட்டாங்க! "மாப்ள, கப்பு ஜெயிச்சா கோச் நல்லா இருக்கறான்னு அர்த்தம் இல்ல, அந்த ஒரு நாள் லிஸ்ட் நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம்"னாரு. அட்டையைக் கண்டுபுடிச்சது நானு, அதுக்கு விளக்கம் சொன்னது மாமா, அதை நான் ஒத்துக்கறேன்.

பேருங்கறது அப்படித்தான் ஏறும் எறங்கும். வெங்கர் 1996ல ஜப்பான்ல இருந்து ஆர்சனலுக்குக் கோச்சா வந்தப்ப "ஆர்சென் யாரு"ன்னு லண்டன் பேப்பர்லயே போட்டான். 1998ல லீக்கும் எஃப்.ஏ. கப்பும் ஒண்ணா, 2003-04ல 38 மேட்ச்ல ஒண்ணு கூடத் தோக்கல. அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு கடைசி வருஷங்கள்ல "வெங்கர் அவுட்"னு போர்டு புடிச்சாங்க, 2018ல கெளம்பிட்டாரு. இப்ப அதே ஆளுங்களுக்கு அவரு சாமி.

இவ்வளவு தூரம் லண்டன், மான்செஸ்டர்னு பேசறமே, நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல இந்தியாவோட ஐ-லீக் சாம்பியன் டீமே ஆடுச்சு, அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குதுங்க? வ.உ.சி பார்க் பக்கத்துல, அதே கிரவுண்டு தான். பேரு சென்னை சிட்டி, ஊரு நம்மூரு. 2017-18ல பத்து டீம்ல எட்டாவது எடம். அந்த டீம்ல நல்லா ஆடுன மைக்கேல் சூசைராஜும் ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டாரு. அடுத்த சீசனுக்குச் சிங்கப்பூர்ல இருந்து அக்பர் நவாஸ்னு ஒரு கோச் வந்தாரு. வந்தவரு எறக்குன லிஸ்ட்டைப் பாத்தா நாலு ஸ்பெயின்காரங்க, யாருன்னே நமக்குத் தெரியாது, அங்க கீழ் டிவிஷன்ல ஆடிட்டு இருந்தவங்க. மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா. கூட நம்ம எட்வின் வன்ஸ்பால் மாதிரி தமிழ்நாட்டுப் பசங்க. அந்த மான்சி 21 கோல் போட்டான்!

2019 மார்ச் 9, கடைசி மேட்ச், மினர்வா பஞ்சாப். ஜெயிச்சாத் தான் கப்பு உறுதி, பின்னாடியே ஈஸ்ட் பெங்கால் நிக்குது. ஆரம்பிச்ச மூணாவது நிமிஷத்துலயே மினர்வா கோல். ஹாஃப் டைம் வரைக்கும் அப்படியே. அப்புறம் மான்சி பெனால்டில சமன் பண்ணுனான், அடுத்த ரெண்டு கோலும் போட்டது யாரு, டிஃபெண்டர் கௌரவ் போரா. மூணுக்கு ஒண்ணு. அந்தப்பக்கம் ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சுட்டாங்க, 43க்கு 42, ஒரே பாயிண்ட்ல கப்பு நம்மூருக்கு.

எனக்கு ஆறாத விஷயம் என்னன்னா, அந்த சீசன் முழுக்க அக்பர் நவாஸைத் திட்டறதுக்கு எங்க பேக்கரில ஒரு ஆளு இல்ல. புகழவும் இல்ல. ஏன் நாலு வெளிநாட்டுக்காரனை எறக்கறே, ஏன் இந்தப் பையனைப் பெஞ்சுல வெச்சேன்னு ஒருத்தன் கேக்கல, ஏன்னா லிஸ்ட்டையே யாரும் பாக்கல. அவினாசி ரோட்ல பஸ் ஏறுனா ஒண்ணரை மணி நேரத்துல போயிரலாம். அடுத்த சீசன் நடுவுலயே மான்சி ஜப்பானுக்குப் போயிட்டான், அதுக்கப்புறம் கொரோனா வந்து லீக் பாதில நின்னுச்சு, அதுக்கடுத்த சீசனைக் கொல்கத்தால வெச்சு ஆடுனாங்க. இப்ப அந்த டீமே நம்மூர்ல இல்ல.

சரி, இவ்வளவு பேசறியே, ஆர்டெட்டா நல்ல கோச்சா இல்லையா, அதைச் சொல்லுன்னு கேப்பீங்க. 2020ல எஃப்.ஏ. கப் வாங்குனாரு, அப்புறம் 2025 வரைக்கும் பெரிய கப்பு எதுவும் இல்ல, லீக்ல தொடர்ந்து மூணு சீசன் ரெண்டாவது எடம், அதுல ஒரு தடவை 89 பாயிண்ட் எடுத்தும் ரெண்டாவது. என் அபிப்பிராயம் இதுதானுங்க: மெரினோவை ஸ்ட்ரைக்கரா எறக்குனதுல தப்பே இல்ல, அன்னிக்கு லிஸ்ட்ல அதை விட நல்ல வழி எனக்கும் தெரியல, பங்காளி எழுதுன மாதிரி வேற யாரு இருக்கா. தப்பு அதுக்கு முன்னாடி நடந்துச்சு. ஹாவெர்ட்ஸை ஓய்வே குடுக்காம வாரம் ரெண்டு மேட்ச் ஓட விட்டதும், ஜனவரில கடையைத் தொறந்து வெச்சும் சாமான் வாங்காம வந்ததும். அந்த முடிவுல அவரு பங்கு எவ்வளவு, கிளப்பு ஓனருங்க பங்கு எவ்வளவுன்னு மாமாவும் நானும் இன்னும் பேசிட்டுத் தான் இருக்கறோம், போன வாரம் கூட ஷட்டர் போடற வரைக்கும் பேசுனோம்.

நேரமாச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டறாங்க. வர்றனுங்க, வணக்கம்.