பரிசு வாங்கிய ஆஸ்பத்திரி இரவு இரண்டு மணிக்கு எப்படி இருக்கும்?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்த ஊர்க்காரராக இருந்தாலும், உங்கள் ஊர் ஜி.எச்.சுக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போட, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க, நாய் கடித்ததற்கு ஊசி போட என்று ஏதாவது ஒரு வேலை இருந்திருக்கும். சில இடங்களில் உள்ளே நுழைந்ததும் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கும். பக்கத்தில் ஒரு கேடயமும் இருக்கும். அதை நின்று படிக்க யாருக்கு நேரம்? ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையைத்தான் கண் தேடும்.

அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அரசு மருத்துவமனைகளில் செவிலியராகவும், பிறகு செவிலியர் கண்காணிப்பாளராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மற்ற மருத்துவமனைகளுக்கு மதிப்பெண் போடும் குழுவில் போயிருக்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கு மற்றவர்கள் வந்து மதிப்பெண் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பரிசுகள் மீது எனக்கு நிறைய மரியாதை உண்டு. கொஞ்சம் வருத்தமும் உண்டு.

முதலில், இது என்ன பரிசு? மத்திய அரசு 2015ஆம் ஆண்டு 'காயகல்ப்' என்று ஒரு விருதைக் கொண்டு வந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனை முதல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை எல்லாவற்றுக்கும் உண்டு. கட்டடப் பராமரிப்பு, துப்புரவு, கழிவுகளைப் பிரித்து அகற்றுவது, தொற்று பரவாமல் தடுப்பது, சலவை, சமையல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். முழுசாகச் செய்திருந்தால் 2, அரைகுறையாக இருந்தால் 1, இல்லையென்றால் பூஜ்யம். முதலில் அந்த மருத்துவமனையே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும். அடுத்து வேறொரு அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு குழு வந்து போடும். அதிலும் தேறினால் வெளியிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். நூற்றுக்கு 70 வாங்கினால்தான் விருதுப் பட்டியலுக்குள்ளேயே வர முடியும்.

இதற்கு முன்னாலேயே, 2013இல், தேசிய தர உறுதிச் சான்றிதழ் என்று இன்னொன்று வந்தது. அது இதைவிடப் பெரிய பரீட்சை. சுத்தத்தோடு நிற்காது. நோயாளியின் உரிமை, சிகிச்சை முறை, அதன் பலன் வரைக்கும் பார்க்கும். அதை வாங்கினால் படுக்கைக் கணக்கில் வருடா வருடம் பணம் வரும். காயகல்ப்பிலும் பணம் உண்டு. பரிசுத் தொகையில் முக்கால் பங்கு மருத்துவமனை வசதிகளுக்கு, கால் பங்கு அங்கே உழைத்த ஊழியர்களுக்கு என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இந்தக் கால் பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

காயகல்ப் பரிசாக வருகிற இரண்டு லட்சம் ரூபாய் ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்கு என்ன செய்யும் என்று நினைக்கலாம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள், உங்களுக்கே தெரியும். சித்திரை வெயிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்து நிழலைத் தேடி நிற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஊரில் பரிசுப் பணத்தில் வாசலில் தகரக் கொட்டகையும் அதன் கீழே சாய்ந்து உட்காரும்படி பெஞ்சும் போட்டார்கள். அந்தப் பணம் அங்கே போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, வருத்தத்தைச் சொல்கிறேன். பெண் பார்க்க வருகிற நாளில் வீடு இருக்கிற மாதிரி சில ஆஸ்பத்திரிகள் மதிப்பீட்டு நாளில் இருக்கும். முதல் நாள் அடித்த சுண்ணாம்பு கையில் ஒட்டும். வாசலில் கோலம், வரிசையாகப் பூந்தொட்டி. கட்டிலுக்குக் கட்டில் புது விரிப்பு. ஊர் பெயர் சொல்ல மாட்டேன், ஓரிடத்தில் மறு வாரம் வேறு வேலையாகப் போனேன். விரிப்புகள் மடித்து பீரோவில் பூட்டியிருந்தன. கட்டிலில் வெறும் ரெக்சின் மெத்தை. அதில் படுத்திருந்த பாட்டி தன் சேலையைத்தான் விரித்திருந்தார். அந்த விரிப்புக்கு அவர்கள் 2 மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். என்னால் அதைச் சீரணிக்கவே முடியவில்லை.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் குழாய் பைத்தியம் என்று தெரியும். எந்த வார்டுக்குள் போனாலும் முதலில் கை கழுவுகிற இடத்துக்குத்தான் போவேன். முழங்கையால் தள்ளித் திறக்கிற நீளப் பிடி வைத்த குழாய் பார்த்திருப்பீர்கள். கழுவிய கையால் மறுபடி குழாயைத் தொடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. நாலு மாதத்தில் குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, பிடி இறுகிப் போகும். அப்புறம் முழங்கையால் தள்ளினால் நகராது, கையால்தான் திருக வேண்டும். அதற்குப் பிறகு அது சாதாரணக் குழாய்தான். சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நூல் மாதிரி தண்ணீர் விழுகிற குழாயில் யார் ஒரு நிமிடம் நிற்பார்கள்? குழாயை மாதம் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்ய ஒரு பிளம்பர் போதும். கேடயம் எத்தனை இருந்தாலும் குழாயைத் திறந்து பாருங்கள் என்பேன். மறுபடியும் சொல்கிறேன், குழாயைத் திறந்து பாருங்கள்.

இப்போது, நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிற ஒரு சம்பவம். ஒரு தாலுகா மருத்துவமனைக்கு மதிப்பெண் போடப் போயிருந்தோம். தரை துடைக்கும் முறை பற்றி ஊழியர்களிடம் கேட்க வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. சுவரில் அழகாகச் செயல்முறை ஒட்டியிருந்தது. பொறுப்பில் இருந்தவரிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஓரமாக மாப்பு வைத்துக்கொண்டு நின்ற அக்காவிடம் திரும்பினேன். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், எழுதப் படிக்கத் தெரியாது. 'சொல்றதென்ன சிஸ்டர், செஞ்சே காட்டுறேன்' என்று மூன்று வாளிகளை இழுத்து வந்தார். ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர், மூன்றாவதில் கிருமிநாசினி. சோப்பில் நனைத்துத் துடைத்தார், வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்தார், கடைசியாகக் கிருமிநாசினி. அறையின் உள் மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கிப் பின்னாலேயே வந்தார். 'ஏன்க்கா வாசலிலிருந்து ஆரம்பிக்கவில்லை?' என்றேன். 'தொடச்ச இடத்த நானே மிதிச்சுக்கிட்டுல்ல வெளிய வரணும்?' என்றார்.

அவர் மாப்புக் கம்புகளில் கிழிந்த சேலைத் துண்டுகள் கட்டியிருந்தன. அது என்ன என்று கேட்டேன். 'பச்சை கட்டுனது வார்டுக்கு, செவப்பு கக்கூசுக்கு, நீலம் பிரசவ ரூமுக்கு. மாத்திப் புடிச்சா ஒடனே தெரிஞ்சிரும். ராத்திரி டூட்டிக்கு வர்ற புள்ளைக்கும் இத வச்சுத்தான் சொல்லிக் குடுத்தேன்.' கழிப்பறை துடைத்த மாப்பு பிரசவ அறைக்குள் வரக்கூடாது என்பதுதான் தொற்றுத் தடுப்பின் உயிர்நாடி. பெரிய பெரிய பயிற்சி வகுப்புகளில் நாங்கள் படம் போட்டு விளக்கியதை, அந்த அக்கா மூன்று சேலைத் துண்டில் முடித்துவிட்டார். அதுவும் இரவு ஆளுக்கும் சேர்த்து. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டேன். அந்த மருத்துவமனைக்கு அந்த வருடம் விருது கிடைத்தது. விருது வாங்கிய படத்தில் அவர் இல்லை.

இந்த இடத்தில்தான் கால் பங்கு விஷயம் வருகிறது. பரிசில் ஊழியர்களுக்கான பங்கைப் பிரிக்கும்போது, ஒப்பந்தத் தொழிலாளர் என்பதற்காக ஒருவர் பெயரும் விட்டுப்போகக்கூடாது. மருத்துவர்கள் இல்லாமல் மருத்துவமனை இல்லை, மறுக்கவில்லை. ஆனால் காயகல்ப் மதிப்பெண்ணில் பெரும்பகுதி துடைப்பமும் மாப்பும் சலவையும் வாங்கிக் கொடுப்பது. அந்த வேலை செய்கிறவர்கள் கையில் அந்தப் பங்கு போய்ச் சேர வேண்டும், மேடைக்கும் அவர்கள் வர வேண்டும்.

மதிப்பீட்டுக் குழு எப்போதும் பகலில்தான் வருகிறது. பகலில் எல்லாரும் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு செவிலியர் இருப்பார், பிரசவ வலியில் ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்குவாள். அப்போது கழிப்பறையில் விளக்கு எரிகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? கத்தரி, கையுறை எல்லாம் பூட்டிய அலமாரியில் இருந்து, சாவி பகல் ஆளிடம் போயிருக்கிறதா? இதைப் பார்க்காமல் போடுகிற மதிப்பெண் பாதி மதிப்பெண்தான். முன்கூட்டிச் சொல்லாமல் ஓர் இரவு வந்து பார்க்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன்.

நம் மதுரையிலேயே பார்க்கலாம். டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2008இல் கேட்ஸ் விருது, 2010இல் ஹில்டன் விருது என்று உலகமே பாராட்டிவிட்டது. அங்கே எனக்குப் பிடித்தது அந்த விருதுகளைவிட இன்னொன்று. அறுவை சிகிச்சையில் எந்தச் சிக்கல் வந்தாலும் பதிவு செய்து, எந்த மருத்துவர் கையில் எத்தனை என்று கணக்குப் பார்த்து, உட்கார்ந்து பேசுவார்கள். பரிசு வந்த மறுநாளும் அந்தக் கணக்கு நடக்கும். பீரோவில் விரிப்பைப் பூட்டுகிற பழக்கத்துக்கு மருந்து இதுதான். தாலுகா மருத்துவமனையில் இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டும், மாதம் ஒரு மணி நேரமும், திட்டாமல் கேட்கிற ஒரு மேலதிகாரியும் போதும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது என்று எதிரே கை காட்டுகிறார்கள். பிரசவ அறைக்கென்று 2017இல் வந்த 'லக்ஷ்யா' பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரசவ அறையின் தரத்தைத் தனியாக அளந்து சான்று கொடுக்கிற திட்டம் அது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பிரசவ நேரத்தில் நம்பிக்கையான ஒரு பெண் உறவினர் பக்கத்தில் இருக்கலாம், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே அதற்கு இடம் உண்டு. 'வெளியே போங்கம்மா' என்று யாராவது சொன்னால், பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். குறை இருந்தால் 104 எண்ணுக்குப் போன் செய்யலாம். நல்லபடியாகப் பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள், கிளம்பும்போது கருத்துப் படிவம் கொடுத்தால் மாப்பு பிடித்த அக்காவின் பெயரைக் கேட்டு எழுதிவிட்டு வாருங்கள்.

நன்றி. வணக்கம்.