மூன்றாம் மாடித் தோட்டத் துரை

(ஹட்டனில் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, பிளேன்டித் தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"நகர வாழ்க்கையும் பொழுதுபோக்கும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கண்டி டவுனில் பதினொரு வருடமாக இருக்கிறேன், அதனால் நகரத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் பதினொரு வருடத்தில் பாதி, ஆட்டோவுக்குள் உட்கார்ந்து முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகில் எழுதியிருப்பதை வாசித்ததிலேயே போய்விட்டது. பெரஹரா ஊர்வலக் காலத்தில் அந்த வாசிப்பும் கிடையாது. வீதியை மூடிவிடுவார்கள், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடைதான். குறையாகச் சொல்லவில்லை. யானை வருகிற வழியில் ஆட்டோவுக்கு என்ன வேலை?

பொழுதுபோக்குதான் எனக்குச் சிக்கல். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லே கொஞ்சம் கூச்சம். எங்கள் லயத்தில் பொழுது தானாகவே போகும், அதைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. விடிந்தால் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டு, சாயந்தரம் விறகு, எட்டு மணிக்கு எல்லோரும் கம்பளிக்குள். கண்டிக்கு வந்த பிறகுதான் மனிதர்களுக்குச் சம்பளம், சர்க்கரை வியாதி இரண்டோடும் சேர்த்துப் பொழுதுபோக்கு என்று ஒன்றும் இருக்கும் என்று தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் மீன் வளர்க்கிறார். வீட்டுக்கார அம்மா ஓர்க்கிட் வளர்க்கிறார். இன்னொருவர் தினமும் காலையில் கண்டி ஏரியைச் சுற்றி நடக்கிறார். எத்தனை அடி வைத்தார் என்பதைக் கையில் கட்டிய கடிகாரம் சொல்லுமாம். ஒரு முறை ஊரிலிருந்து வந்த அம்மாவை அந்தப் பக்கம் கூட்டிப் போனேன். விறுவிறு என்று நடக்கிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், என்னத்தத் தொலைச்சாங்களாம்?" என்று கேட்டார்.

அலுவலகத்தில் யாராவது "உங்கட ஹொபி என்ன?" என்று கேட்டால் சொல்ல ஒன்று வேண்டுமே. யோசித்துப் பார்த்து, பால்கனியில் தொட்டி வைத்துத் தேயிலை வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் ரயில் ஏறி வந்தேன். இந்த மண்டபத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்மலை முழுக்கத் தேயிலை. இங்கே வந்து ஒருவன் தொட்டியில் ஒரு செடி வைத்த கதையைச் சொல்கிறான். ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர். என்னை மலைப்பக்கம் விடவே இல்லை. "நீ படி" என்பதோடு சரி. தேயிலைக்கும் எனக்கும் இருந்த உறவு கோப்பைக்கு இந்தப் பக்கத்து உறவு மட்டும்தான்.

செடி எடுக்கப் போன அன்றே முதல் சண்டை. என் மனைவி யாழ்ப்பாணம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "தவறணைக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றேன். நமக்குத் தவறணை என்றால் தேயிலை நாற்று வளர்க்கிற இடம். யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளுக்கடை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். "விடிஞ்சதும் விடியாததுமாத் தவறணையோ? அதையும் சொல்லிப்போட்டுப் போறியளோ?" நாற்றைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும்வரை அவர் நம்பவில்லை. அது டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம், தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது என்று பெருமையாகச் சொன்னேன். "2025ஓ? அப்ப திகதி முடிஞ்சுதே?" என்றார்.

அவருக்குப் பதில் சொல்வதற்காகவே கொஞ்சம் வரலாறு படித்தேன். 1824இல் சீனாவிலிருந்து கொண்டுவந்த செடியைப் பேராதனைப் பூங்காவில் வைத்தார்கள். அதில் யாரும் கொழுந்து எடுக்கவில்லை, யாருக்கும் பேர், அதாவது நாள் சம்பளம், போடவில்லை. சும்மா பார்ப்பதற்கு வைத்த செடி. ஆக, இந்த நாட்டின் முதல் தேயிலையே ஒரு பொழுதுபோக்குச் செடிதான். அது தோட்டமாக நாற்பத்து மூன்று வருடம் பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே வருடம்தான். டெய்லர் துரைக்கு முதலில் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, கிடையாது. பங்களா வராந்தாதான் ஸ்டோர். மேசையில் இலையைக் கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்துக் கையாலேயே உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டுக் காயவைத்திருக்கிறார்கள். யாருடைய முழங்கை என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. துரை வராந்தாவில் செய்தது வரலாறு என்றால், நான் பால்கனியில் செய்வது மட்டும் எப்படி விசராகும் என்று மனைவியிடம் கேட்டேன். "துரைக்கு வீட்டுக்காரம்மா இல்லை" என்றார்.

செடி நன்றாகவே வந்தது. இரண்டு வருடத்தில் இடுப்பு உயரம். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து எடுப்பேன். மனைவி கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் வைத்தால் சராசரியாக 25 கிராம். அதை அலுமாரிக்கு மேலே பத்திரிகை விரித்து ஒரு இரவு வாட விட வேண்டும். காலையில் துவண்டு, தொட்டால் தோல் மாதிரி இருக்கும். அப்புறம் ரொட்டிப் பலகையில் போட்டு உருட்ட வேண்டும். கை பச்சையாகிப் பிசுபிசுக்கும். பிறகு இலை மெதுவாகச் செம்பு நிறத்துக்குத் திரும்பும். அந்த நேரத்தில் வரும் வாசம் இருக்கிறதே, லயத்துக்குக் கீழே இருந்த ஸ்டோரிலிருந்து இரவில் காற்றோடு ஏறி வரும் அதே வாசம். பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தாச்சியில் போட்டுக் காயவைத்தேன். அங்கேதான் தவறு நடந்தது. தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். ஆனால் அதே தாச்சியில் முதல் நாள் இரவு நெத்தலிக் கருவாடு பொரித்த செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. 25 கிராம் பச்சை இலை காய்ந்து ஐந்தரைக் கிராம் தூளாகும். ஐந்தரைக் கிராமும் கருவாடு. மாடிப்படியில் சந்தித்த பக்கத்து வீட்டு ஐயாவுக்கு ஒரு கோப்பை கொடுத்தேன். குடித்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவர் லிஃப்டில்தான் போகிறார்.

போன வருடம் அம்மா ஒரு மாதம் வந்து தங்கினார். நான் செடியைக் காட்டினேன். பரீட்சை மண்டபத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அம்மா செடியைப் பார்க்கவில்லை, முதலில் மலையைப் பார்த்தார். "இது எத்தனை அடி உசரம்?" கண்டி டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். 600 மீட்டருக்குக் கீழே விளைந்தால் தாழ்நிலத் தேயிலை என்று கணக்கு. மூன்றாம் மாடியைக் கூட்டிப் பார்த்தாலும் எட்டாது. அம்மா வேலை செய்தது 1,200 மீட்டருக்கு மேலே. மருமகளைப் பார்த்து, "புள்ள, இது கீழ்நாட்டுக் கொழுந்து" என்றார். தேயிலைக்கு அவ்வளவுதான் மரியாதை.

பிறகு சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். இரண்டு கையும் ஒரே நேரத்தில் போகும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் காம்பைத் தொட்டதும் டக்கென்று ஒரு சத்தம்; கண் அடுத்த கொழுந்தில் இருக்கும். நான் அரை மணி நேரம் எடுக்கிற செடி ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. கை நிறைந்ததும், பழக்கதோஷத்தில், தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். முதுகில் கூடை இல்லை. பின்னால் நின்றது நான்.

என் கணக்குப் புத்தகத்தையும் காட்டினேன். வாரவாரம் கிராம் எழுதி வைத்திருக்கிறேன், என் தொழிலே கணக்குத்தானே. அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஈரத்துக்குக் கழிச்சியா?" இல்லை என்றேன். "அப்ப நீ கணக்கப்புள்ளையே இல்ல." கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒவ்வொரு நிறுவையிலும் ஈரத்துக்கு, படங்குச் சாக்குக்கு என்று கிலோவைக் கழிக்கக் கொடுத்தே பழகியவர். பிறகு, "இதுக்குப் பேர் விழுமா?" என்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் ஒரு நாள் முழுப்பேர். நான் கல்குலேட்டரை எடுத்தேன். வாரம் 25 கிராம் என்றால் 18 கிலோவுக்கு 720 வாரம். கிட்டத்தட்ட பதினான்கு வருடம். அம்மா முப்பத்திரண்டு வருடம் நாள்தோறும் செய்ததில் ஒரு நாளைச் செய்ய எனக்குப் பதினான்கு வருடம். அரைப்பேர் போட்டாலும் ஏழு வருடம். "பரவாயில்ல, நெழல்ல நிண்டுதானே எடுக்கிற" என்றார்.

அந்த மாதத்திலேயே குரங்கும் வந்தது. கண்டியில் உடவத்தைக் காட்டுப் பக்கம் வீடு என்றால் குரங்கும் வாடகை கொடுக்காமல் கூடவே இருக்கும். ஓர்க்கிட்டைத் தின்னும், காயப்போட்ட மிளகாயைச் சிந்தும். அன்று என் செடியில் ஏறி உட்கார்ந்து இலையைப் பிய்த்து வீசிக்கொண்டிருந்தது. நான் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா கதிரையிலிருந்து எழும்பவே இல்லை. "விடுடா, அது ரெண்டு கையாலயும் எடுக்குது."

போகிற அன்று பதுளை ரயிலில் ஏற்றிவிட்டு, யன்னலோர இடமும் பிடித்துக் கொடுத்து, ஆட்டோவில் வழக்கம்போல ஒரு பஸ்ஸின் முதுகைப் படித்து முடித்து வீட்டுக்கு வந்தேன். பால்கனியில் தொட்டி இருந்தது. செடி இல்லை. இருந்தது ஒரு முழம் கட்டையும், அதில் சாய்வாக வெட்டிய நாலு கிளையும். பக்கத்தில் கழுவித் துடைத்த மரக்கறிக் கத்தி. நான் ரயில் டிக்கெட் எடுக்க முன்கூட்டிப் போன நேரத்தில் அம்மா கவ்வாத்து அடித்து முடித்திருக்கிறார். மனைவிதான் தொட்டியைப் பிடித்திருந்தாராம்.

ராத்திரி கோல் எடுத்தேன். "அம்மா, கவ்வாத்து அடித்தால் மூன்று மாதத்துக்குக் கொழுந்து இல்லையே?"

"அந்த மூணு மாசத்தயும் உன் பதினாலு வருசத்தோட கூட்டிக்க" என்றார்.

போன வாரம் தளிர் விட்டிருக்கிறது. ஏழெட்டு இருக்கும், வெளிர்பச்சை. தொடவில்லை. மட்டம் பார்த்துக் கிள்ள அம்மா வருவாராம், அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு. மட்டக்கம்பும் கொண்டு வருவாராம், ஒரு தொட்டிக்கு.

பிளேன்டி வந்துவிட்டது போலிருக்கிறது, முன்வரிசை எழும்புகிறது. வணக்கம்.